அவுட்போர்டு படகில் ஸ்டீயரிங் இறுகினால்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைக் கண்டறியும் முறை

அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்பலகைக்கு வெளியே மாட்டும் இயந்திரம்) பொருத்திய படகில் ஸ்டீயரிங் ஒரே நாளில் இறுகிப்போவது அரிது. போன பருவத்தில் ஒரு கையால் திருப்பிய சக்கரத்துக்கு இந்தப் பருவத்தில் இரண்டு கை தேவைப்படும், ஓட்டுபவரின் கை அதற்குப் பழகிவிடுவதால், வேறொருவர் சக்கரத்தைப் பிடித்துவிட்டு "ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது?" என்று கேட்கும்வரை குறை இருப்பதே தெரியாமல் போகும். அப்படிப்பட்ட ஸ்டீயரிங்கைப் பலம் கொடுத்துத் திருப்பிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தப் பலத்தை முழுவதும் தாங்குவது சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய கியரும் கேபிளின் உள்கம்பியும்தான். அவற்றில் ஒன்று வேகத்தில் போகும்போது விட்டுப்போனால் மோட்டார் தன் போக்கில் ஒரு பக்கம் திரும்பிவிடும். படகு சட்டென்று சுழலும். உள்ளே இருப்பவர்கள் தண்ணீரில் தூக்கி எறியப்படலாம்.

இங்கே சொல்லப்போவது கேபிளால் இயங்கும் சாதாரண ஸ்டீயரிங்கைப் பற்றியது. கைப்பிடியைப் பிடித்து நேரடியாகத் திருப்பும் சிறிய மோட்டார்களுக்கும் இதில் ஒரு பகுதி பொருந்தும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கின் கோளாறுகள் வேறு வகையைச் சேர்ந்தவை என்பதால் அவற்றை இதில் சேர்க்கவில்லை.

விசை போகும் பாதை

சக்கரத்தைத் திருப்பியதும் அதன் பின்னாலுள்ள கியர்பெட்டி கேபிளின் உள்கம்பியைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது. கேபிளின் மறுமுனையில், மோட்டார் பக்கம், துருப்பிடிக்காத எஃகினால் ஆன தள்ளுதண்டு ஒன்று இருக்கும். அது மோட்டாரின் டில்ட் குழாய்க்குள் வழுக்கிச் சென்று மறுபக்கம் வெளியே வரும். மோட்டாரைத் தூக்கி இறக்கும்போது கீல்போல வேலை செய்வதும் இதே குழாய்தான். தள்ளுதண்டின் நுனியிலிருந்து ஒரு இணைப்புத்தண்டு மோட்டாரின் திருப்புகைக்கு, அதாவது மோட்டாரைத் திருப்பும் கை போன்ற உறுப்புக்குப் போகிறது. திருப்புகை அசைந்ததும் மோட்டார் முழுவதும் தன் சுழல்தண்டின்மேல் இடமும் வலமும் திரும்புகிறது.

ஆக, இறுக்கம் குடியிருக்கக்கூடிய இடங்கள் நான்கு: கியர்பெட்டி, கேபிள், டில்ட் குழாய், சுழல்தண்டு. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைக்கு இந்த நான்கும் ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் பலரும் ஊகித்துக்கொண்டு முதலில் கேபிளை மாற்றுகிறார்கள், அல்லது கண்ணில் பட்ட எல்லா நிப்பிளிலும் (கிரீஸ் செலுத்தும் சிறிய வாய்) கிரீஸ் அடிக்கிறார்கள். இரண்டுமே கூடாது. முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதல் சோதனை: இணைப்பைக் கழற்றுதல்

சாவியை எடுத்துவிடுங்கள்; அவசர நிறுத்தக் கயிற்றையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நேராக, கீழே இறக்கிய நிலையில் வையுங்கள். படகு கரையிலோ டிரெய்லரிலோ இருந்தால், மோட்டாரின் அடிப்பகுதி தரையில் முட்டாத உயரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைப்புத்தண்டைத் தள்ளுதண்டின் நுனியிலிருந்து கழற்றுங்கள். பொதுவாக அங்கே ஒரு போல்ட்டும், நைலான் வளையம் உள்ள தானே இறுகும் நட்டும், சில வாஷர்களும் இருக்கும். கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்பது கழற்றிய பிறகு யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

இப்போது மோட்டாரின் பின்பக்கம் கை வைத்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். சிறிய மோட்டாராக இருந்தால் ஒரு கையால் தள்ளினாலே போகும். பெரிய மோட்டாருக்குக் கனம் இருக்கும்; ஆனால் அந்தக் கனம் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சீராக இருக்க வேண்டும். பிறகு சக்கரத்துக்குப் போய், அதை இரு கோடிகளுக்கும் திருப்பிப் பாருங்கள். மோட்டாரின் சுமை இல்லாத சக்கரம் இரண்டு மூன்று விரல்களுக்கே அடங்கித் திரும்ப வேண்டும்.

இதில் ஒரு தவறான முடிவைத் தவிர்க்க வேண்டும். சில கியர்பெட்டிகளில், மோட்டாரின் இழுப்பு சக்கரத்துக்கு வந்து சேராதபடி பூட்டிப்பிடிக்கும் கிளட்ச் ஒன்று உள்ளேயே இருக்கும். அப்படிப்பட்ட படகில் இணைப்பைக் கழற்றாமல் மோட்டாரைக் கையால் தள்ளினால் அது அசையவே அசையாது. அது கோளாறு இல்லை. அந்தக் கியர்பெட்டி செய்ய வேண்டிய வேலையே அதுதான். மோட்டார் இறுகிவிட்டது என்று அதை வைத்து முடிவுசெய்துவிடக் கூடாது.

மோட்டார் இலகுவாகத் திரும்புகிறது, சக்கரம் மட்டும் கனக்கிறது

நடைமுறையில் மிக அதிகமாகக் காணப்படும் நிலை இதுதான். குற்றவாளி டில்ட் குழாயாகவோ கேபிளாகவோ இருக்கும். சில நேரம் கியர்பெட்டியாக இருக்கும். குழாயின் வாயில் கேபிளைப் பிடித்திருக்கும் பெரிய நட்டைக் கழற்றிவிட்டு, தள்ளுதண்டைக் குழாயிலிருந்து முழுவதுமாக வெளியே உருவுங்கள். உருவிய பிறகு சக்கரத்தைத் திருப்புங்கள். சக்கரம் இலகுவாகிவிட்டால் கோளாறு குழாய்க்குள் இருக்கிறது, கேபிள் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும். அப்போதும் கனத்தால், கேபிளைக் கியர்பெட்டியிலிருந்தும் பிரித்து, சக்கரத்தை மட்டும் தனியாகத் திருப்பிப் பாருங்கள். அதற்குமேல் சந்தேகத்துக்கு இடமில்லை.

தண்டு உருவ வராவிட்டால் அதுவே விடை. குழாய்க்கும் தண்டுக்கும் நடுவில் பழைய கிரீஸ், உப்பு, அரிப்பில் உண்டான தூள் எல்லாம் சேர்ந்து கெட்டிப்பட்டிருக்கும். ஊடுருவும் எண்ணெயைக் குழாயின் இரு முனைகளிலும் தெளித்து, ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் சக்கரத்தை இடமும் வலமும் சிறிது சிறிதாக அசைத்து, மீண்டும் எண்ணெய் விடுங்கள். அவசரப்பட்டுச் சுத்தியலால் தண்டின் நுனியில் அடித்தால் நுனியிலுள்ள துளை நசுங்கும், தண்டு வளையும். வளைந்த தண்டை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது. தட்டியே ஆக வேண்டுமென்றால் கெட்டியான மரக்கட்டையை இடையில் வைத்துத் தட்டுங்கள். குழாயைச் சூடாக்குவதும் உதவும். அதற்குச் சூடான காற்று வீசும் கருவி போதும். நெருப்புச் சுடர் அந்தப் பக்கமே வரக் கூடாது, ஏனென்றால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடியில் போய்த் தேங்கி நிற்கும். பெட்ரோல் டேங்கை அப்புறப்படுத்தி, மோட்டாரின் அடித்தட்டையும் படகின் அடிப்பகுதியையும் காற்றோட்டமாகத் திறந்து வைத்த பிறகே எந்தச் சூட்டையும் பயன்படுத்துங்கள். கேபிளின் வெளியுறை பிளாஸ்டிக் என்பதையும் மறக்க வேண்டாம்.

வெளியே வந்த தண்டைக் கவனித்துப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். கிரீஸ் என்று எதுவும் மிஞ்சியிருக்காது. பழுப்பு நிறத்தில் காய்ந்த மெழுகுபோல ஒன்று தண்டைச் சுற்றி வளையம் வளையமாக ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிரும். விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நறநறவென்று உப்பு தட்டுப்படும். இதன்மேல் புதிய கிரீஸைப் பூசுவது அழுக்குத் துணியின்மேல் சாயம் ஏற்றுவது போன்றதுதான்.

தண்டை மண்ணெண்ணெயால் துடைத்து, மிக நுண்ணிய உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேயுங்கள். குழாய்க்கு, அதன் உள்விட்டத்துக்குப் பொருந்தும் வட்டக் கம்பித்தூரிகை ஒன்று வேண்டும். பெரும்பாலான மோட்டார்களில் டில்ட் குழாயின் உள்விட்டம் 5/8 அங்குலம், அதாவது சுமார் 16 மில்லிமீட்டர். தூரிகையை நீண்ட கம்பியில் பொருத்தி, முன்னும் பின்னும் இழுத்து, நடுநடுவே மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் குழாய் வழியாக இழுத்தெடுங்கள். துணி சுத்தமாக வெளிவந்த பிறகு ஒரு முனையில் டார்ச் விளக்கை வைத்து மறுமுனையிலிருந்து பாருங்கள். சுவர் முழுவதும் ஒரே சீராக மின்ன வேண்டும். எங்காவது கருப்புத் திட்டு தெரிந்தால் வேலை முடியவில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் படகில் ஒருமுறை ஸ்டீயரிங் இறுகியபோது, கேபிள்தான் கெட்டது என்று நம்பி, குழாயை ஒரு துணியால் மேலோட்டமாகத் துடைத்துவிட்டுப் புதிய கேபிளைப் பூட்டினேன். முதல் சில வாரங்கள் வெண்ணெய்போலத் திரும்பியது. பிறகு அதே கனம் திரும்பி வந்தது. உருவிப் பார்த்தபோது, குழாயில் விட்டுவைத்த துருச்செதில் புதிய தண்டின் மேற்பரப்பில் நீளவாக்கில் கோடு கிழித்திருந்தது. ஒரு மணி நேர வேலையைச் சோம்பலால் விட்டதற்கு ஒரு கேபிள் வீணானது. அன்று முதல் டார்ச் வைத்துப் பார்க்காமல் குழாயை நான் மூடியதில்லை.

கிரீஸ் இடுவதில் உயிரோடு தொடர்புடைய ஓர் எச்சரிக்கை உண்டு. தண்டைப் பூட்டிய பிறகு குழாயின் நிப்பிள் வழியாகக் கிரீஸ் அடிப்பதானால், தள்ளுதண்டு குழாய்க்குள் முழுவதும் இழுக்கப்பட்டிருக்கும்படி சக்கரத்தைத் திருப்பிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். தண்டு வெளியே நீட்டியிருக்கும்போது அடித்தால், தண்டு திரும்பி வர வேண்டிய இடத்தைக் கிரீஸ் நிரப்பிக்கொள்ளும். கிரீஸை அமுக்கிச் சுருக்க முடியாது. அது போக வழியும் இராது. ஒரு பக்கம் திருப்பிய ஸ்டீயரிங் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஓடும் படகில் இது நடந்தால் திருப்பும் கட்டுப்பாடே போய்விடும். மோட்டார் தயாரிப்பாளர்களின் கையேடுகள் இதைத் தனிக் கட்டமிட்டு எச்சரிப்பதற்குக் காரணம் இதுதான். கிரீஸ், கடல்நீரைத் தாங்கும் வகையாக இருக்கட்டும். துருவை இளக்கும் மெல்லிய தெளிப்பான்களைக் கிரீஸுக்கு மாற்றாகக் கருத வேண்டாம். அவை இருக்கிற கிரீஸையும் கழுவிவிடும்.

குழாய் சுத்தமாக இருந்தும், கேபிள் தனியாகவே கனத்தால், அதற்கு வைத்தியம் கிடையாது. வெளியுறையில் எங்காவது வெடிப்பு, வீக்கம், பழுப்புக் கறை, மடிந்த தடம் ஆகியவற்றைத் தேடுங்கள். நீர் உள்ளே புகுந்து எஃகுக் கம்பி துருப்பிடித்தால் துரு பருத்து உறையை அடைத்துக்கொள்ளும். எண்ணெயை ஒரு முனையில் ஊற்றி மறுமுனையில் வரவழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சில நாள் இலகுவாக ஓடும், ஆனால் உள்ளே மெலிந்துபோன கம்பி அப்படியேதான் இருக்கும். துருப்பிடித்த ஸ்டீயரிங் கேபிளைக் கழித்துவிட வேண்டும். இரண்டு கேபிள் உள்ள அமைப்பானால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது சரி, ஏனென்றால் இரண்டும் ஒரே உப்பில் ஒரே காலம் ஊறியவை.

புதிய கேபிளின் நீளம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். பழைய கேபிளின் உறையில் நீளமோ பாக எண்ணோ பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். பொருத்தும்போது வளைவுகள் அகலமாக இருக்கட்டும்; எந்த வளைவின் ஆரமும் 8 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 20 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான கேபிள்களுக்கு அது போதுமானது.

கியர்பெட்டி தனியாக இறுகியிருப்பது அரிது. சக்கரத்தின் அச்சு உப்பினால் அரிக்கப்பட்டோ, பெட்டிக்குள் கிரீஸ் காய்ந்தோ இருக்கலாம். பல பெட்டிகள் திறந்து பழுது பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பற்கள் தேய்ந்திருக்கும் பெட்டியில் காசு மிச்சம் பிடிக்க நினைக்கக் கூடாது.

சக்கரம் இலகு, மோட்டார் இறுக்கம்

இணைப்பைக் கழற்றிய பிறகும் மோட்டாரைக் கையால் தள்ள முடியவில்லை என்றால் கோளாறு சுழல்தண்டில் இருக்கிறது. கேபிளைத் தொட வேண்டாம்.

சுழல்தண்டைத் தாங்கும் அலுமினியக் கூட்டில் கிரீஸ் நிப்பிள் ஒன்றோ இரண்டோ இருக்கும். கிரீஸ் துப்பாக்கியால் அடித்துப் பாருங்கள். மேலும் கீழும் புதிய கிரீஸ் பிதுங்கி வந்தால் நல்லது. பழைய அழுக்கு முழுவதும் வெளியேறும்வரை, மோட்டாரை இடமும் வலமும் திருப்பித் திருப்பி அடியுங்கள். கிரீஸ் உள்ளே போகாமல் நிப்பிளின் ஓரத்திலேயே வழிந்தால் நிப்பிள் அடைத்திருக்கிறது, அல்லது அதற்குப் பின்னாலுள்ள வழி அடைத்திருக்கிறது. நிப்பிளைக் கழற்றிப் புதியது போடுங்கள். துளையை ஒரு மெல்லிய கம்பியால் குத்தி, கெட்டிப்பட்ட கிரீஸை எடுத்துவிட்டு, அதன் வழியாக ஊடுருவும் எண்ணெயை விட்டு ஊற விடுங்கள். சூடான காற்றால் கூட்டை இளம் சூடாக்கினால் உள்ளே உள்ள பழைய கிரீஸ் இளகும். பெட்ரோல் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை இங்கே இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

எண்ணெய் ஊறி, மோட்டார் சிறிது அசையத் தொடங்கினால் பொறுமையைக் கைவிட வேண்டாம். எண்ணெய், அசைவு, கிரீஸ் என்று மாறி மாறிச் செய்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். நீண்ட இரும்புக் கம்பியை நெம்புகோலாக்கித் திருப்பும் வேலை மட்டும் வேண்டாம். திருப்புகை உடைந்தால் செலவு பலமடங்காகும். இரண்டு மூன்று நாள் முயற்சிக்குப் பிறகும் அசையாத சுழல்தண்டைப் பட்டறையில் இறக்கி, உள்ளே தண்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் புஷ்களை (உராய்வைக் குறைக்கும் உறைகளை) மாற்றுவதுதான் வழி. உப்புநீரில் எஃகும் அலுமினியமும் நெருங்கி இருக்கும் இடத்தில் அலுமினியம் அரித்து, வெள்ளைத் தூளாகி, புஷ்ஷை நாற்புறமும் நெருக்கிவிடும். அந்த நிலையில் கிரீஸ் போய்ச் சேர இடமே இருக்காது.

கைப்பிடி வைத்த சிறிய மோட்டாராக இருந்தால், இவற்றையெல்லாம் செய்வதற்கு முன் உராய்வைக் கூட்டிக் குறைக்கும் திருகையோ நெம்பையோ தளர்த்திப் பாருங்கள். கை எடுத்தாலும் மோட்டார் திசை மாறாமல் நிற்பதற்காக வைத்த அமைப்பு அது. யாரோ இறுக்கிவிட்டுத் தளர்த்த மறந்திருக்கலாம். அதே நேரத்தில் அதை முழுவதும் தளர்த்தி ஓட்டுவதும் ஆபத்து.

கரையில் இலகு, தண்ணீரில் ஓடும்போது கனம்

இங்கே எந்த உறுப்பும் இறுகவில்லை. புரொப்பெல்லர் சுழலும்போது அதன் எதிர்விசை மோட்டாரை ஒரு பக்கம் திருப்பப் பார்க்கிறது. அந்தப் பக்கம் இலகுவாகவும் எதிர்ப்பக்கம் கனமாகவும் தோன்றும். புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டின் அடியில் சிறிய துடுப்புபோலத் தொங்கும் டிரிம் டேப் இதைச் சமன்செய்வதற்காகவே இருக்கிறது. படகு வலப்பக்கம் இழுத்தால், பின்னாலிருந்து பார்க்கும்போது டேப்பின் பின்முனையை வலப்பக்கமாகத் திருப்ப வேண்டும். இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம். இது முதலில் கேட்பதற்கு எதிர்மாறாகத் தோன்றும். நீர் டேப்பின் மேல் மோதி மோட்டாரை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது என்பதை மனத்தில் கொண்டால் குழப்பம் தீரும். ஒரே தடவையில் அதிகம் திருப்பாமல், சிறிது திருப்பி, இறுக்கி, வழக்கமான வேகத்தில் ஓட்டிப் பார்த்து, மீண்டும் திருத்துங்கள்.

பல மோட்டார்களில் இந்த டேப்பே அரிப்பைத் தாங்கும் துத்தநாகக் கட்டியாகவும் இருக்கிறது. அது கரைந்து பாதியானாலோ, மாற்றும்போது பழைய கோணத்தைக் குறித்துக்கொள்ளாமல் நேராகப் பூட்டினாலோ, நேற்றுவரை ஒழுங்காக ஓடிய ஸ்டீயரிங் இன்று ஒருபக்கம் இழுக்கும். டேப்பைக் கழற்றுவதற்கு முன் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

டேப் சரியாக இருந்தும் இழுப்பு குறையவில்லை என்றால் மோட்டாரின் சாய்வைப் பாருங்கள். மிகவும் உள்ளே சாய்த்தாலும், மிகவும் வெளியே சாய்த்தாலும் இழுப்பு கூடும். நடுவே ஓரிடத்தில் சக்கரம் கையில் அமைதியாக நிற்கும். மோட்டார் பின்பலகையில் அதிகம் உயர்த்தி மாட்டப்பட்டிருந்தால் டேப்புக்கு நீர் போதாமல் போய், அதே விளைவு வரும்.

ஓரிடத்தில் மட்டும் பிடிக்கிறது

சக்கரம் முழுச் சுற்றிலும் இலகுவாக வந்து, குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் முட்டினால், ஒருவரைச் சக்கரத்தில் உட்கார வைத்து மெதுவாகத் திருப்பச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்னால் நின்று பாருங்கள். மோட்டாருக்குள் போகும் பெட்ரோல் குழாய், ஒயர்க் கட்டு, கியர் கேபிள் இவற்றில் ஒன்று கட்டப்பட்ட நிலையில் இழுபடுகிறதா, பேட்டரிப் பெட்டியின் மூலை கேபிளை நசுக்குகிறதா, இணைப்புத்தண்டு எங்காவது உரசுகிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். மோட்டாரைத் தூக்கியபோது மட்டும் இறுகினாலும் இதே இடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

காலையில் கனத்து, சிறிது நேரம் திருப்பிய பிறகு இலகுவாகும் ஸ்டீயரிங்கில் பழைய கிரீஸ் குளிரில் கெட்டிப்படுகிறது. இன்னும் முற்றவில்லை என்று பொருள். குழாயைச் சுத்தம் செய்ய இதைவிட நல்ல தருணம் கிடையாது, ஏனென்றால் தண்டு இப்போது எளிதாக வெளியே வரும்.

கனமும் ஆட்டமும் சேர்ந்து வந்தால்

சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினால் எதுவும் நடக்காமல், பிறகு திடீரென்று கனமாகப் பிடித்தால், ஓரிடம் இறுகி மற்றோரிடம் தேய்ந்துகொண்டிருக்கிறது. இந்தப் படகைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. இறுக்கத்தைச் சரிசெய்த பிறகு, ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதை, கியர்பெட்டி முதல் இணைப்புத்தண்டின் போல்ட்கள் வரை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, தேய்ந்ததை மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும்.

மீண்டும் பூட்டுதல்

இணைப்புத்தண்டின் நைலான் நட்டைக் கழற்றினால் புதியதே போடுங்கள். சாதாரண நட்டை அதற்குப் பதிலாகப் போடாதீர்கள், அது அதிர்வில் கழன்றுவிடும். இறுக்கும் அளவை உங்கள் மோட்டாரின் கையேட்டில் உள்ளபடி வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கிய பிறகும் அந்த மூட்டு தன் இடத்தில் தடையில்லாமல் அசைய வேண்டும். அதுவே இறுகிவிட்டால் செய்த வேலையெல்லாம் வீண். பிறகு சக்கரத்தை இரு கோடிகளுக்கும் திருப்பி, ஒவ்வொரு கோடியிலும் மோட்டாரை முழுவதும் தூக்கி இறக்கிப் பாருங்கள். தண்ணீரில் முதல் ஓட்டம் மெதுவான வேகத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இருக்கட்டும். இருபக்கமும் வட்டமடித்து, கை சரியென்று சொன்ன பிறகு வேகம் எடுக்கலாம்.

படகை நிறுத்தும்போது தள்ளுதண்டு குழாய்க்குள் இருக்கும்படி மோட்டாரைத் திருப்பி விட்டுச் செல்லுங்கள். வெளியே நீட்டி நிற்கும் தண்டில்தான் உப்பு படிகிறது. அடுத்த முறை சக்கரத்தைத் திருப்பும்போது அந்த உப்பு நேராகக் குழாய்க்குள் போகிறது.